வெள்ளைப் பட்டையில் தீட்டிய பச்சை

நடந்ததை வரிசைப்படி முதலில் எழுதிவிடுகிறேன்.

1. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஒரு சின்ன ரயில் ஓடியது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இரண்டரை அடிதான். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் அதை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பாதை போட்ட மண்மேடும் மழைத்தண்ணீர் அடியில் போகக் கட்டிய கல் மதகுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன.

2. அந்தப் பாதை ஒரு தேயிலைத் தோட்டத்தின் நடுவே போயிருந்தது. எங்கள் நில அளவை அலுவலகத்துப் பழைய வரைபடத்தில் அது வெள்ளைப் பட்டையாக விடப்பட்டிருந்தது. புதுப் பிரதி எடுத்தபோது அந்தப் பட்டையின் மேல் நான் பச்சை தீட்டினேன்.

3. தோட்ட நிர்வாகம் அந்தப் பிரதியைப் பார்த்து இடம் தேர்ந்து, மண்மேட்டின் காலடியில் தொழிலாளர் குடியிருக்கப் பன்னிரண்டு காம்பரா, அதாவது பன்னிரண்டு அறை, உள்ள லயம் ஒன்றைக் கட்டியது. கட்டியவர்கள் மதகின் வாயைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்துச் சமப்படுத்தினார்கள்.

4. பன்னிரண்டு குடும்பங்கள் குடிவந்தன.

5. மழை பெய்தது.

6. அதன் பிறகு, அங்கே ரயில் பாதை இருந்ததே தெரியாது என்று சம்பந்தப்பட்டவர்கள் சொன்னார்கள், ஒருவரைத் தவிர.

ஆறாவதை எழுதும்போது இன்னும் எனக்கு உடம்பு எரிகிறது. இருபது வருடமாக அந்தப் பக்கம் இருக்கிற யாருக்கும் அந்த ரயிலைத் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்திருந்தும் தெரியாது என்றார்கள்.

வருகிற திங்கட்கிழமை நீங்கள் இருவரும் என் மேசைக்கு வருகிறீர்கள். தாள் எந்த அலமாரியில், மை எந்த இழுப்பறையில் என்பதை, வெளியில் போய் அளந்துவருகிற பியசேன காட்டுவார். கோடு இழுப்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழும்பில் நான் படித்ததைத்தான் நீங்களும் படித்திருக்கிறீர்கள். பணி அனுபவம் என்று எழுதுகிறவர்கள் வழக்கமாக நரைத்தபின் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. எட்டு வருடம் இந்த மேசையில் இருந்துவிட்டுப் போகிறேன். ஒரு விஷயத்தை மட்டும் உங்களுக்கு விட்டுப் போகிறேன்.

நம்முடையது நில அளவை அலுவலகம். தோட்டக்காரர்கள் கேட்டால் அவர்கள் காணியை அளந்து படம் போட்டுத் தருகிறோம். இதில் ஒரு வழக்கம் உண்டு. யார் படம் கேட்கிறார்களோ அவர்களுடைய காணிக்கு வண்ணம். அடுத்தவர் காணி வெள்ளை. தேயிலைக்குப் பச்சை, காட்டுக்கு அடர்ந்த பச்சை, கட்டடத்துக்குச் சிவப்பு. பக்கத்துத் தோட்டத்தில் அரண்மனையே இருந்தாலும் நம் படத்தில் அது வெள்ளைதான். ரயில் பாதை ஓடிய காலத்தில் அது தோட்டத்துக்குச் சொந்தமில்லை. அதனால் தோட்டத்துப் படத்தில் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை வளைந்து போனது. மேடா, பள்ளமா, மதகா, எதுவும் அதில் குறிக்கப்படவில்லை. அது சரியான வேலைதான். பாதைக்காரர்களிடம் அவர்களுடைய படம் தனியாக இருந்தது.

ரயில் நின்றபின் அந்த நிலம் முறைப்படி தோட்டத்துக்கு ஒப்படைக்கப்பட்டது. பல வருடம் கழித்து, காணி இரண்டும் ஒன்றாகிவிட்டது, புதுப்படம் வேண்டும் என்று தோட்டத்திலிருந்து கேட்டார்கள். பிரதி எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. அப்போது நான் சேர்ந்து இரண்டு வருடம்.

எங்கள் சர்வேயர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டிக்காரர். அவர் மேசைக்குப் போய், "இந்த வெள்ளைப் பட்டைய என்னங்கய்யா செய்றது?" என்று கேட்டேன்.

"இப்ப உது தோட்டத்துக் காணிதானே. பச்சையை இழுத்து விடும்."

"அங்க என்ன இருக்குன்னு பாக்க வேணாமா?"

"தேயிலைதான் இருக்கும். வேறென்ன இருக்கப் போகுது பிள்ளை? உதுக்குப் போய் மினக்கெடாதேயும்."

பத்து நிமிட வேலை. பழைய பச்சையும் புதுப் பச்சையும் சேரும் இடம் தெரியக்கூடாது என்று தூரிகையை மூன்று தடவை கழுவிக் கழுவித் தீட்டினேன். ஒட்டுத் தெரியவில்லை என்று ஐயா பாராட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வெள்ளை விட்டால் 'எனக்குத் தெரியாது' என்று அர்த்தம். பச்சை தீட்டினால் 'அங்கே தேயிலை இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை' என்று அர்த்தம். நான் பார்க்காத ஒரு இடத்தைப் பற்றி அடித்துச் சொல்லியிருந்தேன். கீழே என் பெயரின் எழுத்துக் குறியும் இருந்தது.

அதன் பிறகு அந்தத் தோட்டத்திலிருந்து வந்த அடுத்த வேலை ஒரு சின்ன வேலை. புதிதாகக் கட்டிய லயத்துக்குப் பின்னால் பிள்ளைக்காம்பரா கட்டவேண்டும். வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற இடம். அதற்கு இடம் குறிக்க வேண்டும். பியசேன போய் நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து மட்டம் எடுத்துவந்தார். அவர் எழுதிய புத்தகத்தைப் படத்தோடு ஒப்பிட்டேன். லயத்தின் பின்சுவரைத் தாண்டியதும் நிலம் திடீரென்று பதினெட்டு அடி உயர்ந்திருந்தது. படத்தில் அது சமநிலம், பச்சை. புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் 'பிழை?' என்று எழுதி வட்டம் போட்டேன்.

பியசேனவுக்குக் கோபம் வந்துவிட்டது. வலப்பனைப் பக்கத்துச் சிங்களவர்; எங்களோடு தமிழில்தான் பேசுவார்.

"மிஸ், நான் அந்த மேட்டுல ஏறி நின்னேன். என் காலுக்குத் தெரியும். உங்க பென்சிலுக்குத் தெரியாது."

"அப்ப படம் பிழையா?"

"அத நான் எப்படிச் சொல்றது? படம் மிஸ்தானே போட்டது."

சனிக்கிழமை அரை நாள் வேலை. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். "நீர் ஏன் பிள்ளை போய்ச் சேறு மிதிக்கிறீர்? பொம்பிளைப்பிள்ளையை நான் வெளி வேலைக்கு அனுப்புறேல்லை" என்றார் ஐயா. வெளி வேலைக்குப் போகவில்லை, என் லீவு நேரத்தில் பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பியசேனவோடு கிளம்பினேன்.

தோட்டத்துக்குப் பக்கத்துக் கடைவீதியில் இறங்கியபோது தூறல். தீபாவளி முடிந்த வாரம். ஒரு மளிகைக் கடையில் ஒதுங்கினோம். படம் போடுகிறவளுக்குக் கோணல் உடனே கண்ணில் படும். வீதியில் எல்லாக் கடைகளும் ரோட்டைப் பார்த்து நின்றன. இது மட்டும் ரோட்டுக்குப் பக்கவாட்டாகத் திரும்பி, வேறெதையோ பார்த்து நின்றது. முன்னால் கருங்கல் விளிம்பு கட்டிய நீளமான தளம், ஒரு கடைக்குத் தேவையானதைவிட நாலு மடங்கு நீளம். நான் அடிவைத்து அளக்கத் தொடங்கினேன்.

கல்லாவிலிருந்த முஸ்லிம் முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். "என்ன மகள், கடைய அளக்கிறீங்க? வரி கிரி போடப் போறாங்களா?"

"இல்லங்க முதலாளி. கடை ஏன் ரோட்டுக்குக் கோணலா நிக்குதுன்னு பாத்தேன்."

"கட நேராத்தான் நிக்குது. ரோடுதான் பின்னால வந்திச்சு. நீங்க நிக்கிறது ஸ்டேஷன் மகள். பிளாட்பாரத்துல நிக்கிறீங்க. அந்தா, மாவு மூட அடுக்கியிருக்கே, அதுல இருந்துதான் டிக்கட் குடுத்தாங்க."

பியசேன சிரித்தார். "நான் இந்த ரயில்ல வந்திருக்கேன் மிஸ். ஏத்தத்துல எறங்கி கொய்யாப்பழம் பறிச்சிட்டு, ஓடிப்போய்த் திரும்ப ஏறலாம்."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"மிஸ் கேக்கல. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

முதலாளி கைநீட்டிக் காட்டிய திசையில் மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் இறங்கினோம். ரயில் போன வழி, தேயிலைச் செடிகளுக்கு அடியில் அப்படியே இருந்தது. மலையில் தானாக உண்டான எதுவும் அப்படி ஒரே சீராக வளையாது. எங்கும் ஒரே அகலம். அதன் மேலிருந்த செடிகள் மட்டும் சுற்றியிருந்தவற்றைவிட இளசு. ஓடை குறுக்கிட்ட ஓரிடத்தில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த கட்டையைப் பாலமாகப் போட்டிருந்தார்கள். ஒரு மைல் நடந்தோம். வழி முழுக்க, நான் தீட்டிய பச்சையின் மேல் நடக்கிறேன் என்ற நினைப்புத்தான்.

தோட்டத்துக்குள் பள்ளம் ஒன்றின் குறுக்கே மண்மேடு உயர்ந்து போனது. அதன் நடுவில் போய் நின்றேன். இடது பக்கம் பழுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. கவ்வாத்து வெட்டிப்போட்ட கிளைகள் மிதந்தன. வலது பக்கம், பதினெட்டு அடி கீழே நின்ற லயத்தின் தகரக் கூரைகள். அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. என் இடது பக்கத்துத் தண்ணீர் வலது பக்கத்துக் கூரையைவிட உயரத்தில் இருந்தது.

கீழே இறங்கியதும் ஏழாம் காம்பரா வாசலில் நின்ற பெண் சத்தம் போட்டாள். "வழி விடுங்கடி, மருத்துவச்சியம்மா வந்துட்டாங்க."

அவள் பெயர் மாரியாயி. கொழுந்து எடுக்கிறவள். அவள் மகளுக்குப் பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள். நான் மருத்துவச்சி இல்லை, படம் போடுகிறவள் என்று சொன்னபோது என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதானே. கையில பையும் இல்ல, மொகத்துல கோவமும் இல்ல. என்னடா மருத்துவச்சின்னு நெனச்சேன். சரி வந்ததுக்குப் பிள்ளையப் பாத்துட்டுப் போங்க."

உள்ளே இருட்டு. தாயும் குழந்தையும் பின்சுவரை விட்டுத் தள்ளிப் படுத்திருந்தார்கள். சுவரைத் தொட்டேன். தண்ணீர் கசிந்து கையில் வழிந்தது. தெளிந்த தண்ணீர்.

"குடிவந்த நாள்லருந்து இப்புடித்தாங்க. இதுக்குப் பின்னால ரயிலுக்காரங்க கட்டுன ஓட்ட இருந்துச்சு. ஆளு குனிஞ்சு போலாம். லயம் கட்டையில கல்லப் போட்டு அடைச்சாங்க. அடைக்காதீங்கன்னு நாந்தான் சண்ட போட்டேன். கண்டாக்கையா படத்த விரிச்சு, 'ஒன் ஓட்ட இதுல எங்க இருக்கு, காட்டு பாப்போம்'னாரு. எனக்குப் படம் பாக்கத் தெரியுமாங்க? 'எல்லாம் பச்சையா இருக்குதுங்கய்யா'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்தப் பச்சை என்னுடையது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

கண்டாக்கையாவைத் தேடிப் போனேன். தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கீழே வேலைகளை மேற்பார்க்கிறவர், ஐம்பது வயதிருக்கும். நான் சொன்னதை மறுக்கவில்லை. "நீங்க சொல்றது சரியாத்தாம்மா இருக்கும். ஆனா படத்துல இல்லாத மதகத் தோண்ட நான் எப்புடி ஆள் போடுவேன்? தொரை கேட்டா என்ன சொல்றது? ஒங்க ஆபீஸ்லருந்து ஒரு கடுதாசி குடுங்க. மறுநாளே தோண்டிடறேன்."

கடுதாசிதானே என்று திரும்பினேன்.

திங்கட்கிழமை காலை அலமாரியைக் கிளறினேன். நிலத்தை ஒப்படைத்த கடிதத்தின் நகல் எங்கள் கோப்பிலேயே இருந்தது. ஒப்படைப்பவை என்று அதில் ஒரு பட்டியல்: மண்மேடு, கல் மதகு இரண்டு, மேட்டின் மேல்பக்கம் நெடுகக் கல் பதித்த கான் ஒன்று. கான் என்றால் தண்ணீர் ஓடும் வாய்க்கால். நான் பச்சை தீட்டிய அன்றும் அந்தக் கடிதம் என் நாற்காலியிலிருந்து ஆறடி தூரத்தில் இருந்திருக்கிறது.

அதை ஐயா மேசையில் வைத்து, தோட்டத்துக்கு இன்றே எழுதவேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுதினா பிழை எங்கட எண்டு எழுத்திலை வந்திடும். விளங்குதோ?"

"பிழை நம்மதுதானுங்களே."

"பொறும் பிள்ளை. துரை அடுத்த கிழமை இஞ்ச வருவார். வாயாலை சொல்லுவம். உது ரயில் போயும் இருபது வரியமா நிண்ட மேடு. ஒரு கிழமையிலை ஓடிப்போகாது."

நான் பொறுத்தேன். உங்களுக்கு நான் சொல்ல வந்ததே இதுதான், பச்சை தீட்டியதுகூட இரண்டாவதுதான். தெரியாமல் செய்ததற்கு ஒரு சமாதானம் சொல்லலாம். திங்களும் செவ்வாயும் எனக்கு எல்லாம் தெரியும். தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது, கீழே யார் படுத்திருக்கிறார்கள், எல்லாம். அந்த இரண்டு நாளும் நான் ஒரு பங்களாவின் ரோஜாத் தோட்டத்துக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். முடியவில்லை. சொன்னதைக் கேட்டவர் ஒன்றும் செய்யப்போவதில்லை என்று தெரிந்த நிமிடத்தில் அந்தப் பொறுப்பு திரும்ப உங்கள் கைக்கு வந்துவிடுகிறது.

புதன்கிழமை விடிந்ததிலிருந்து விடாத மழை. பத்தே முக்காலுக்கு மேசையை விட்டு எழுந்தேன். கதவருகே பியசேன தொப்பி போட்டு, கையில் கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தார்.

"பஸ் பதினொரு மணிக்கு, மிஸ்."

தோட்டத்தை அடைந்தபோது மத்தியானம் கடந்திருந்தது. துரை நுவரெலியாவுக்குப் போயிருந்தார். மழையில் கொழுந்து எடுப்பதை நிறுத்தியிருந்ததால் சனங்கள் லயத்திலேயே இருந்தார்கள். தண்ணீர் மேட்டின் உச்சிக்கு இரண்டடி கீழே நின்றது. நேரே ஏழாம் காம்பராவுக்குப் போய்ப் பின்சுவரைத் தொட்டேன். சனிக்கிழமை தெளிவாகக் கசிந்த தண்ணீர் இன்று தேநீர் நிறத்தில் வந்தது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் மேடு நனைந்திருக்கிறது. கலங்கிய தண்ணீர் கசிந்தால் மேட்டின் மண் உள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது. இதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். விரலில் பட்டால் வேறு மாதிரி இருக்கும்.

கண்டாக்கையா ஓடிவந்தார். "அடைச்ச கல்லப் புடுங்கிட்டா தண்ணி போயிரும்மா. ஆள் ரெடி."

"புடுங்குற ஆளும் சேந்து போயிருவாங்க" என்றேன்.

மேட்டின் தலையை வெட்டிவிடலாம் என்று இளைஞர்கள் சிலர் மம்பட்டியோடு நின்றார்கள். வெட்டிய இடத்தில் பாயும் தண்ணீர் மேட்டையே அறுத்துக்கொண்டு கூரைமேல் விழும். அதுவும் வேண்டாம் என்றேன்.

"அப்ப என்னதாம்மா செய்யச் சொல்றீங்க?"

உண்மையில் அந்த நிமிடம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒன்றை முதலில் செய்யச் சொன்னேன்: பன்னிரண்டு காம்பராவும் காலியாக வேண்டும், இப்போதே.

பதினோரு குடும்பங்கள் வெளியே வந்தன. மாரியாயி வாசலை மறித்து நின்றாள். "பச்ச ஒடம்புக்காரிங்க. ஒம்பதாம் நாளு. பதினாறு கழியாம இவள எவ வீட்டு வாசல்ல கொண்டுபோயி வைக்கிறது? கோயிலுக்குள்ளயும் விடமாட்டாங்க. மழையில நிக்க வைக்கச் சொல்றீங்களா?"

 உதவிக்கு வந்திருந்த பழைய லயத்துக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தத் தீட்டுக் கணக்கை அன்று அங்கே நின்று என்னால் மாற்ற முடியாது.

கண்டாக்கையாதான் பேசினார். "கொழுந்து மடுவத்துக்குக் கொண்டு போ."

"கொழுந்து நிறுக்கிற எடத்துலயாங்கய்யா? தீட்டோட?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"கொழுந்துக்குத் தீட்டு கெடையாது. தொரை கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ ஒரு பக்கம் கட்டிலப் புடி."

தாயையும் பிள்ளையையும் கட்டிலோடு, நனையாமல் மேலே படங்குத் துணியைப் போர்த்தித் தூக்கிப்போனார்கள்.

இதற்குள் நான் பியசேனவின் மட்டப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்திருந்தேன். நான் 'பிழை?' என்று வட்டம் போட்ட அதே பக்கம். மேட்டின் மேல் அவர் எடுத்த ஏழு எண்களும் கிழக்கே போகப் போக ஒரே சீராகக் குறைந்தன. ரயில் இறங்கிப் போன சரிவு அது. மேடு கிழக்கே சரிந்தால் அதை ஒட்டிய கானும் கிழக்கே சரியத்தான் வேண்டும். கடிதத்தில் மதகு இரண்டு என்று இருந்தது. ஒன்று நம் காலடியில், அடைபட்டது. மற்றது கிழக்கே, அடுத்த பள்ளத்தில் இருக்க வேண்டும். கானைத் திறந்தால் தண்ணீர் தானாகவே அங்கே நடந்து போகும், மேட்டை அறுக்காமல்.

கான் இருக்கிறதா என்று நான் பார்த்ததில்லை. கடிதத்தை நம்பினேன், பியசேனவின் காலை நம்பினேன். மேட்டின் கிழக்கு முனையில், மேல்பக்கத்து ஓரத்தில் அவர் கடப்பாரையை இறக்கினார். மண். இரண்டடி தள்ளி மறுபடி மண். மூன்றாவது தடவை கல்லில் பட்ட சத்தம் கேட்டது.

"இருக்கு மிஸ்."

நாற்பது பேர் இறங்கினார்கள். கவ்வாத்துக் கிளையும் மண்ணும் வேருமாக இரண்டடி மூடியிருந்தது. மாரியாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தயங்கி நின்ற ஒருவன் கையிலிருந்து மம்பட்டியைப் பிடுங்கினாள். "ஏண்டா, தீவாளிக்கு அம்புட்டு ஆட்டம் ஆடுன. இப்ப மண்ணு அள்ளக் கை நோவுதாக்கும்? தள்ளு." பெண்கள் சிரித்தார்கள். அந்த மழையில், அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று சிரித்தார்கள். அதன் பிறகு ஆண்கள் யாரும் நிற்கவில்லை.

கிழக்குப் பள்ளத்திலிருந்த இரண்டாவது மதகைப் பியசேன கண்டுபிடித்தார். தேயிலை வேர்கள் பாதி வாயை அடைத்திருந்தன, வெட்டி எடுத்தார்கள். பிறகு கானுக்கும் தேங்கிய தண்ணீருக்கும் நடுவே விட்டிருந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொன்னேன். தண்ணீர் கானுக்குள் நுழைந்து, ஒரு கணம் நின்று, கிழக்கே போனது. ஒரு மணி நேரத்தில் மூன்றடி குறைந்தது.

நான்கு மணி வாக்கில், எல்லாரும் மேலே நின்றுகொண்டிருந்தபோது, மேட்டின் கீழ்ப்பக்கம் ஒரு துண்டு நழுவியது. பெரிய சத்தமில்லை. ஆறாம், ஏழாம் காம்பராக்களின் பின்சுவர் உள்ளே மடிந்தது. சேறு ஜன்னல் உயரத்துக்கு நிறைந்து, முன்வாசல் வழியே மெதுவாக வெளியே வந்தது. உள்ளே யாரும் இல்லை. தண்ணீர் குறையாமல் இருந்திருந்தால் மேடு முழுவதும் வந்திருக்கும்.

மாரியாயி தன் வாசலிலிருந்து வந்த சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மி உள்ள போயிருச்சு" என்றாள்.  அப்போது நான் அவளிடம் சொன்னேன், அந்தப் படத்தில் பச்சை தீட்டியது நான்தான் என்று. என் பக்கம் திரும்பினாள்.

"தெரியாம தீட்டுனீங்களா, தெரிஞ்சு தீட்டுனீங்களா?"

"போய்ப் பாக்காம தீட்டுனேன்."

"அது ரெண்டுக்கும் நடுவுல உள்ளதாக்கும்" என்று சொல்லிவிட்டு மடுவத்துக்குப் போனாள். மகளைப் பார்க்க.

அடுத்த வாரம் தோட்டத்து ஆபீசில் விசாரணை. என்னைச் சாட்சியாகக் கூப்பிடவில்லை. துரை, அங்கே ரயில் பாதை இருந்ததாகத் தனக்கு யாரும் அறிவிக்கவில்லை என்றார். லயத்தைக் கட்டியவர், மதகின் வாயை ஏதோ குழி என்று நினைத்ததாகச் சொன்னார். எங்கள் ஐயா, எல்லை சரியாகத்தான் இருக்கிறது, எல்லைக்குள் இருப்பதைத் தோட்டம்தான் பார்க்கவேண்டும் என்றார். கண்டாக்கையாவின் முறை வந்தது. "தெரியும்" என்றார். "அந்த ரயில்ல வந்து எறங்கித்தான் நான் இந்தத் தோட்டத்துல வேலைக்குச் சேந்தேன். அந்தப் பொம்பள மதகு இருக்குன்னு சொன்னப்பவும் எனக்குத் தெரியும். படத்துல இல்லாதத சொல்லி ஏன் வம்புன்னு விட்டுட்டேன்." அவர் செய்தது சின்னத் தவறு இல்லை. ஆனால் அந்த அறையில் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான். மாற்றல் கிடைத்ததும் அவர் ஒருவருக்குத்தான்.

விசாரணை முடிந்து வந்த அன்று ஐயா என்னைக் கூப்பிட்டு ஒரு வெற்றுத் தாளைத் தந்தார். "பட்டையை வெள்ளையா விட்டு ஒரு பிரதி எடும். பழைய திகதியைப் போடும். கோப்பிலை அது இருக்கட்டும்."

நான் தாளைத் திருப்பி அவர் மேசையில் வைத்தேன். நம் தொழிலில் திருத்தத்துக்குச் சிவப்பு மை. என் பழைய படத்தை எடுத்து, அந்தப் பச்சையின் மேலேயே சிவப்பில் மண்மேட்டையும் இரண்டு மதகையும் கானையும் வரைந்து, அன்றைய தேதியும் என் எழுத்துக் குறியும் போட்டேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது. அசிங்கமாகத் தெரியவேண்டும் என்றுதான் திருத்தத்துக்கு வேறு நிறம் வைத்திருக்கிறோம். ஒரு பிரதியைத் தோட்டத்துக்கு நானே அனுப்பினேன். ஐயா என்னைப் போகச் சொல்லவில்லை. என் மேசைக்கு வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

உங்களுக்குத் தொகுத்துச் சொல்ல ஒன்றிரண்டுதான் இருக்கிறது. உங்கள் எண்ணுக்கும் வெளியில் நின்று அளந்தவர் எண்ணுக்கும் ஒத்துவராவிட்டால் முதலில் உங்களுடையதைச் சந்தேகப்படுங்கள். அங்கே குடியிருக்கிறவர் ஒன்று இருக்கிறது என்று சொன்னால், படத்தை விரித்து அவர் வாயை அடைக்காதீர்கள். படத்தை எடுத்துக்கொண்டு அவர் காட்டும் இடத்துக்குப் போங்கள். போக விடமாட்டார்கள். லீவு போட்டுவிட்டுப் போங்கள்.

இன்றைய நிலை இது. கிழக்கு மதகும் கானும் திறந்திருக்கின்றன. அடைபட்ட மதகு அடைபட்டேதான் இருக்கிறது. கானைத் துப்புரவு செய்ய யாரையும் நியமிக்கவில்லை. இந்த ஐப்பசியில் மாரியாயியும் இன்னும் சில பெண்களும் ஞாயிற்றுக்கிழமையில் தாங்களாகவே இறங்கி அள்ளினார்கள். நான் அனுப்பிய பிரதிக்குத் தோட்டத்திலிருந்து பதில் வரவில்லை. ஆறாம், ஏழாம் காம்பராக்களை அதே இடத்தில் திரும்பக் கட்டி, சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். மாரியாயி ஏழுக்குத் திரும்பிப் போக மறுத்துவிட்டாள். இரண்டிலும் இப்போது வேறு குடும்பங்கள் இருக்கின்றன.